கூட்டம் எடுக்கும் முடிவு – 9: கரி படிந்த தேனீயும் கொம்புத்தேனும்

சென்ற பகுதியை மதுரைக்கு மேற்கே, நாகமலை அடிவாரத்தில் நிறுத்தியிருந்தோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம். கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் தம் குழுவோடு 1981-இல் வெளியிட்ட வௌவால் ஆய்வு நினைவிருக்கும். பகல் வெளிச்சம் எட்டாத குகைக்குள் கூண்டில் அடைபட்ட வௌவால்கூட, தன் இனத்தார் போய்வரும் அரவம் சுற்றி இருக்கும்வரை சரியான நேரத்துக்குச் சிறகடித்தது. ஆளில்லாக் குகையில் தனியே விடப்பட்டதும் அதன் உள்கடிகாரம் நாளுக்கு நாள் விலகிப்போனது. எப்போது கிளம்புவது என்பதைக் கூட்டமாகச் சேர்ந்து கணிப்பதன் கதை அது. இந்தப் பகுதி இடத்தைப் பற்றியது. பல்லாயிரம் உயிர்கள் ஒன்றாகக் குடிபெயரும்போது, எங்கே போவது என்று தீர்மானிப்பது யார்?

இதற்கு நாம் தெற்கே இறங்க வேண்டும். விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் இருக்கிறது ஆமத்தூர். சுற்றிலும் கரிசல், பட்டாசு ஆலைகள், ஆலை வேலியைத் தாண்டினால் சீமைக்கருவை. அந்தக் கருவைப் புதருக்குள், இடுப்பு உயரத்தில், ஒரு கை அகலத்துக்கு அடை ஒன்று தொங்கும். சிவந்த வயிறுள்ள சின்னஞ்சிறு தேனீக்கள் அதன்மேல் திரை போட்டாற்போல் மொய்த்திருக்கும். கொம்புத்தேன். ஆடு மேய்ப்பவர்கள் கண்ணுக்குத்தான் அது முதலில் படும். அடை தொங்கும் குச்சியின் இரு பக்கமும் பிசின் பூசியிருப்பதை அவர்கள் காட்டுவார்கள். எறும்பு ஏறாமலிருக்கத் தேனீக்கள் செய்யும் ஏற்பாடு அது.

நம் பக்கத்தில் அடை கட்டும் தேனீக்களில் முக்கியமானவை மூன்று. வெட்டவெளியில் மெல்லிய கிளையில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ. பாறைச் சரிவிலும் ஆலமரத்தின் உச்சிக் கிளையிலும் நீர்த்தொட்டியின் அடியிலும் முறம்போல் பெரிய அடையைத் தொங்கவிடும் மலைத்தேனீ. பனைப் பொந்து, பழங்கிணற்றின் கல் இடுக்கு, பாழடைந்த வீட்டுச் சுவர் என்று இருட்டுக்குள் அடுக்கடுக்காக அடை வைக்கும் அடுக்குத்தேனீ. பெட்டியில் வளர்க்கப்படும் நாட்டுத் தேனீ இந்த மூன்றாவதுதான். அதன் உடலளவுக்கு ஏற்ற பெட்டியைத்தான் அருள்தந்தை நியூட்டன் 1911 வாக்கில் வடிவமைத்தார். தமிழகத் தேனீ வளர்ப்பில் நியூட்டன் பெட்டி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. கிளை, பாறை, பொந்து என்ற இந்த மூன்று வீடுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு நாம் கொஞ்சம் தூரம் போய்வர வேண்டும்.

1942-ஆம் ஆண்டு ரஷ்யப் போர்முனையில் குண்டுச் சிதறல் பட்டுப் படுகாயமடைந்த ஓர் இளைஞர் மியூனிக் நகருக்குச் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தார். மார்ட்டின் லிண்டாவர். பவேரிய மலையடிவார விவசாயக் குடும்பத்தில், நிறையப் பிள்ளைகள் இருந்த வீட்டில், 1918-இல் பிறந்தவர். சிகிச்சையளித்த மருத்துவர், உடல் தேறும்வரை பல்கலைக்கழகத்தில் ஃபிரிஷ் என்ற பேராசிரியரின் சொற்பொழிவைப் போய்க் கேட்டுவா என்றார். போர்க்களத்திலிருந்து நேராக வந்தவர், உயிரணு எப்படிப் பிரிகிறது என்பதைப் பற்றி அமைதியாகப் பேசும் ஒரு மனிதரைக் கேட்டார். அன்று முடிவு செய்தார், தன் வாழ்க்கை இதுதான் என்று.

கார்ல் ஃபொன் ஃபிரிஷ் அப்போது தேனீயின் நடனத்தைப் படித்துக்கொண்டிருந்தார். நாஜி அரசு அவருடைய பாட்டி வழியில் யூத இரத்தத்தைக் கண்டுபிடித்து வேலையைப் பறிக்கப் பார்த்த காலம். தேனீக்களைக் கொன்று குவித்த நோசிமா நோய்க்கு அவருடைய ஆய்வு தேவைப்பட்டதால்தான் தப்பினார். 1944-45-இல் அவர் உடைத்த புதிர் இது: பூ கண்டு திரும்பிய தேனீ, இருட்டான கூட்டுக்குள் செங்குத்து அடைமேல் வயிற்றை ஆட்டியபடி நேர்கோட்டில் ஓடுகிறது, சுற்றி வந்து மீண்டும் ஓடுகிறது. அந்தக் கோடு செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்கிறதோ, வெளியே சூரியனிலிருந்து அவ்வளவு சாய்வில் இருக்கிறது பூ. ஓட்டம் நீண்டால் தூரம் கூடுதல். ஐரோப்பியத் தேனீக்குச் சுமார் ஒரு நொடி ஆட்டம் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். இதற்காக 1973-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

நம் கதை தொடங்குவது 1949 வசந்த காலத்தில். லிண்டாவர் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே ஒரு புதரில் தேனீக் கூட்டம் தாடிபோல் தொங்குவதைப் பார்த்தார். கூட்டில் இடம் நெருக்கடியாகும்போது பழைய ராணி, பாதிக்கும் மேற்பட்ட வேலைக்காரத் தேனீக்களோடு வெளியேறி அருகிலேயே ஒரு கிளையில் தற்காலிகமாக இறங்கும். நம் தேனீ வளர்ப்பவர்கள் "கூட்டம் பிரிஞ்சிருச்சு" என்பார்களே, அதுதான். அந்தத் தாடியின் மேற்பரப்பில் சில தேனீக்கள் ஆடிக்கொண்டிருந்தன. உணவுக்காக ஆடுபவை என்றால் சிலவற்றின் காலிலாவது மகரந்தம் இருந்திருக்கும். இவற்றின் கால்கள் வெறுமையாக இருந்தன. உடம்பு முழுக்க அழுக்கு. சிலது கரி படிந்து கறுத்திருந்தன, சிலதின் மேல் செங்கல் தூள், ஒன்றிரண்டு மாவு பூசினாற்போல் வெளுத்திருந்தன.

லிண்டாவருக்குப் பொறி தட்டியது. மியூனிக் நகரம் குண்டுவீச்சில் இடிந்து கிடந்தது. அடுப்பெரியாத புகைபோக்கி, பிளந்த செங்கல் சுவர், கைவிடப்பட்ட மாவுப் பெட்டி – பொந்து தேடும் தேனீக்கு அந்த இடிபாடெல்லாம் காலி வீடுகள். உணவு தேடும் தேனீக்கள் அல்ல இவை, வீடு தேடும் வேவுத்தேனீக்கள். ஒவ்வொன்றும் தான் பார்த்துவந்த வீட்டைச் சக தேனீக்களுக்கு ஆடிக் காட்டிக்கொண்டிருந்தது. மனிதர் இடித்துப்போட்ட நகரத்தில், ஒரு தேனீயின் முதுகுக் கரியிலிருந்து இந்த அறிவு கிடைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அடுத்த கோடைகளில் அவர் செய்தது பொறுமையின் உச்சம். கிளையில் தொங்கும் கூட்டத்தின் முன் காலை முதல் மாலை வரை நாற்காலி போட்டு உட்கார்ந்தார். புதிதாக ஆடத் தொடங்கும் ஒவ்வொரு தேனீயின் முதுகிலும் வண்ணப் பொட்டு வைத்தார். அதன் ஆட்டம் சொல்லும் திசையையும் தூரத்தையும் குறித்துக்கொண்டார். முதல் நாள் பட்டியலில் பல திசைகள் இருக்கும். போகப்போகச் சில திசைகள் உதிரும். கடைசியில் ஆடும் தேனீக்கள் எல்லாமே ஒரே இடத்தைச் சொல்லும். கொஞ்ச நேரத்தில் கூட்டம் முழுவதும் எழும்பிப் பறக்கும். லிண்டாவர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மியூனிக் தெருக்களில் அதன் பின்னால் ஓடுவார். ஆட்டம் எந்த இடத்தைச் சொன்னதோ அங்கேயே கூட்டம் போய் இறங்கியது. 1955-இல் வெளியான அவருடைய கட்டுரை, இத்துறை முழுவதற்கும் அடிக்கல்.

எல்லாக் கூட்டமும் ஒத்துப்போய்விடவில்லை. ஒரு கூட்டத்தில் இரு தரப்பும் சமபலத்தோடு இரண்டு வீடுகளுக்காக ஆடிக்கொண்டே இருந்தன. முடிவு ஆகாமலே கூட்டம் எழும்பி, வானத்தில் இரு பக்கமும் இழுபட்டுப் பிளந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள்.

இந்த மனிதர்தான் 1950-களின் நடுவில் இலங்கைக்குக் கப்பலேறினார். ஐரோப்பாவில் அடை கட்டும் தேனீ ஒரே இனம், அதுவும் பொந்தில் வாழ்வது. ஆட்டம் எங்கிருந்து எப்படி வந்தது என்று அறிய, வெவ்வேறு வகையில் வாழும் சொந்தக்காரர்களைப் பார்க்க வேண்டும். அந்த மூவரும் நம் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். ஆமத்தூர்க் கருவையில் தொங்கும் அதே கொம்புத்தேனீ, அதே மலைத்தேனீ, அதே அடுக்குத்தேனீ.

அவர் கண்டது இது. அடுக்குத்தேனீ, ஐரோப்பிய உறவைப் போலவே, இருட்டில் செங்குத்து அடைமேல் ஆடுகிறது. மலைத்தேனீயும் செங்குத்து அடைமேல்தான் ஆடுகிறது, ஆனால் வெட்டவெளியில், வானம் தெரியும் பரப்பில். கொம்புத்தேனீயிடம் வேறு வழக்கம் இருந்தது. அது தன் அடையைக் குச்சியின் மேலாகவும் சுற்றிக் கட்டுகிறது. அப்படிக் கட்டும்போது குச்சிக்கு மேலே தட்டையான சிறு மேடை ஒன்று அமைகிறது. திரும்பிவந்த தேனீ அந்த மேடையில் இறங்கி, பூ எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையையே நேராக நோக்கி ஆடுகிறது. சூரியனின் சாய்வைச் செங்குத்தாக மாற்றும் கணக்கு அங்கே இல்லை. நாம் கை நீட்டி "அந்தா" என்று காட்டுவது மாதிரி. மேடையைச் சாய்த்தும் மறைத்தும் பார்த்தபோது தேனீக்கள் தடுமாறின. வெட்டவெளியில் நேராகச் சுட்டுவது பழைய முறை, இருட்டுப் பொந்துக்குள் கோணமாக மாற்றிச் சொல்வது பின்னால் வந்த முறை என்று லிண்டாவர் படிவரிசை போட்டார்.

இலங்கையில் அவருக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. ஜெர்மனியில் சூரியன் ஒருபோதும் தலைக்கு நேரே வராது. இலங்கையில் ஏப்ரலில் வரும். அந்த உச்சி நிமிடங்களில் திசைக்கு ஆதாரமான சூரியச் சாய்வே இல்லாமல் போக, ஆட்டத்தின் திசைக்குறிப்பு குலைவதை அவர் பார்த்தார். ஆமத்தூருக்கு அந்த நாள் ஏறக்குறைய சித்திரை பிறக்கும் நேரத்தில் வருகிறது. பகல் பன்னிரண்டேகால் மணி சுமாருக்கு நட்டுவைத்த கம்பின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும். பள்ளிக்கூட ஆசிரியர்கள் யாராவது அந்த வாரம் பிள்ளைகளை அழைத்துப்போய், கொட்டாத தூரத்தில் நின்று, ஒரு கொம்புத்தேன் மேடையைப் பார்க்க வைத்தால் நன்றாக இருக்கும். அதே வானம், அதே தேனீ. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்து பார்த்ததை நம் பிள்ளைகள் ஊர் எல்லையிலேயே பார்க்கலாம்.

அந்த மேடையைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கொம்புத்தேனீ தேனைச் சேமிப்பது குச்சியைச் சுற்றியுள்ள அந்தப் பருத்த தலைப்பகுதியில்தான். புழுக்கள் கீழே. ஆக, தேனுக்காகத் தலையை வெட்டி எடுப்பவர் அந்தக் கூட்டத்தின் ஆட்டக்களத்தையும் சேர்த்தே எடுக்கிறார். குச்சியோடு முறித்துப் புகை போட்டு விரட்டுவது இன்னும் மோசம். புழு அடை மிஞ்சியிருந்தாலாவது அந்தக் கூட்டம் மீள ஒரு வழி இருக்கும்.

லிண்டாவர் விட்டுச்சென்ற கேள்வி ஒன்று இருபது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் தாமஸ் சீலி கைக்கு வந்தது. பல திசை ஒரு திசையாவது எப்படி? மட்டமான வீட்டுக்காக ஆடிய தேனீ, நல்ல வீட்டைப் போய்ப் பார்த்து மனம் மாறி அதற்காக ஆடுகிறது, அதனால்தான் ஒற்றுமை வருகிறது என்று லிண்டாவர் நினைத்தார். அப்படி மாறுவது சிலதான், பெரும்பாலானவை மாறுவதே இல்லை என்று சீலி காட்டினார். அவை வேறொன்று செய்கின்றன. ஓய்ந்துவிடுகின்றன.

இதைக் கணக்காகப் பார்த்தால்தான் அழகு தெரியும். வேவுத்தேனீ வீட்டைப் பார்த்துவிட்டு வந்து ஆடுகிறது. திரும்பப் போய்ப் பார்க்கிறது. வந்து மறுபடி ஆடுகிறது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 15 சுற்று குறைத்து ஆடுகிறது, வீடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும். முதல்தரமான பொந்துக்கு ஒரு தேனீ முதலில் 90 சுற்று ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு 75, 60, 45, 30, 15. மொத்தம் 315. சுமாரான பொந்துக்கு 30-இல் தொடங்குகிறது, பிறகு 15, அவ்வளவுதான். மொத்தம் 45. தொடக்கத்தில் மூன்று மடங்காக இருந்த வித்தியாசம் முடிவில் ஏழு மடங்கு. மட்டமான வீடுகளின் பேச்சு தானாக அடங்குகிறது. யாரும் யாரையும் வாதாடி வெல்ல வேண்டியதில்லை. தான் பார்த்ததைச் சொல்லிவிட்டு, பிடிவாதம் இல்லாமல் விலகிக்கொள்ளும் சுபாவம் ஒவ்வொரு தேனீக்குள்ளும் இருக்கிறது.

இதில் இன்னொரு காப்பும் உண்டு. ஆட்டத்தைப் பார்த்த தேனீ அதை நம்பி உடனே தானும் ஆடிவிடுவதில்லை. நேரில் போகிறது. பொந்துக்குள் இருட்டில் நடந்தும் பறந்தும் அளக்கிறது. ஏறக்குறைய 40 லிட்டர் கொள்ளளவும் சிறிய வாசலும் தரையிலிருந்து நல்ல உயரமும் இருந்தால் ஐரோப்பியத் தேனீக்குப் பிடிக்கும் என்று சீலி கண்டார். தன் கண்ணால் பார்த்த தரத்துக்கு ஏற்பத்தான் ஒவ்வொரு தேனீயும் ஆடுகிறது. எனவே ஒரு தேனீயின் தவறு ஊர்த் தவறாகப் பெருகுவதில்லை.

முடிவு ஆகிவிட்டது என்று கூட்டத்துக்கு எப்படித் தெரிகிறது? இதுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த பகுதி. எல்லோரும் ஒரே மாதிரி ஆடத் தொடங்கியதும் கிளம்புகின்றன என்றுதான் எவருக்கும் தோன்றும். சீலியும் கிர்க் விஷரும் அதைச் சோதித்தார்கள். மெயின் மாநிலக் கடற்கரைக்கு அப்பால் ஆப்பிள்டோர் என்று ஒரு தீவு. தேனீ குடியேறத் தக்க மரங்கள் அங்கே கிடையாது, ஆகவே ஆய்வாளர் வைக்கும் பெட்டிகள்தான் வீடு. ஒரே இடத்தில் ஒரே மாதிரியான ஐந்து பெட்டிகளைப் பக்கம் பக்கமாக வைத்தார்கள். கிளையில் ஆடும் தேனீக்களைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே திசை, ஒரே தூரம், ஒற்றுமைக்குக் குறைவில்லை. ஆனால் போய்ப் பார்க்கும் தேனீக்கள் ஐந்து வாசல்களுக்குப் பிரிந்துவிட்டன. கூட்டம் கிளம்பத் தாமதமானது. ஒற்றைப் பெட்டி வைத்தபோது அந்தத் தாமதம் இல்லை.

நம் ஊர்க் கிராம சபையில் கோரம் பார்ப்பது சபை கூடும் இடத்தில். தேனீக்கள் தலை எண்ணுவது கூடியிருக்கும் கிளையில் அல்ல, போகப்போகும் வீட்டு வாசலில். அங்கே ஒரே நேரத்தில் இருபது, முப்பது வேவுத்தேனீக்கள் தென்பட்டால் போதும். பார்த்த தேனீக்கள் கிளைக்குத் திரும்பி, கூட்டத்துக்குள் புகுந்து கீச்சென்று ஒலி எழுப்புகின்றன. தூங்கிக்கொண்டிருந்தவை பறக்கும் தசைகளை அதிர வைத்து உடம்பைச் சுமார் 35 பாகைக்குச் சூடாக்குகின்றன. பத்தாயிரம் தேனீக்களில் வீட்டைப் பார்த்தவை சில நூறுதான். அவை கூட்டத்தின் மேற்பகுதியில் வேகமாகப் பாய்ந்து பாய்ந்து திசை காட்ட, மற்றவை பின்தொடர்கின்றன. ராணிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவள் போகுமிடம் அவளுக்கே தெரியாது.

இந்த இடத்தில் பெரும்பாலான நூல்கள் நின்றுவிடுகின்றன. தேனீக்கள் கருத்தொற்றுமைக்கு இலக்கணம் என்று சொல்லிவிடுகின்றன. ஆனால் அந்த இலக்கணம் பொந்தில் வாழும் ஒரு தேனீயை வைத்து எழுதியது. கொம்புத்தேனீயைக் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும்.

கேட்டார்கள், 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்திலிருந்து ஜேம்ஸ் மேக்கின்சன், மாடலின் பீக்மன், பெஞ்சமின் ஓல்ட்ராய்ட் ஆகியோர் தாய்லாந்துக்குப் போய், குடிபெயரும் கொம்புத்தேன் கூட்டங்களைப் படம்பிடித்து ஒவ்வோர் ஆட்டத்தையும் அளந்தார்கள். அவர்களுடைய கட்டுரை 2011-இல் வந்தது. கிளம்பும் கடைசி நிமிடம் வரை தேனீக்கள் பல திசைகளை நோக்கி ஆடிக்கொண்டேயிருந்தன. ஒரு குறிப்பிட்ட கிளையைப் பற்றிய உடன்பாடு எதுவும் உருவாகவில்லை. ஆனாலும் கூட்டம் பிளவுபடாமல் எழுந்தது, பறந்தது, நல்லதொரு நிழற்கிளையில் இறங்கியது.

இதில் புரியாத புதிர் ஒன்றுமில்லை, ஆமத்தூர்க் கருவைக்காட்டைப் பார்த்தவர்களுக்கு. நிழலுள்ள சிறு குச்சிக்கு அங்கே பஞ்சமா? எந்தப் பக்கம் போனாலும் நூறு கிளை. ஆகவே "இந்தப் பக்கமாகப் போவோம்" என்ற அளவுக்கு ஒத்துப்போனால் போதும். போகிற வழியில் கண்ட கிளையில் உட்கார்ந்துவிடலாம். பொந்தோ அப்படியல்ல. ஏற்ற அளவுள்ள பொந்து ஊரில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அங்கே எல்லோரும் அதே வாசலில் போய் இறங்கியாக வேண்டும். ஐம்பதடி தள்ளி இறங்கினால் வீடு இல்லை. அதற்காகத்தான் அத்தனை கணக்கு, அத்தனை ஓய்தல், வாசலில் தலை எண்ணல். கிடைப்பது அரிதாக இருக்கும் இடத்தில்தான் முழு உடன்பாடு தேவைப்படுகிறது. தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் உடன்பாட்டுக்காகக் காத்திருப்பதே நஷ்டம்: காத்திருக்கும் நேரமெல்லாம் வெயில், பசி, எறும்பு. மலைத்தேனீயை அதே குழு பின்னர் ஆராய்ந்தபோது அது கொம்புத்தேனீயைவிடக் கூடுதலாக ஒருமித்துப் போவது தெரிந்தது. ஏற்ற உயரமுள்ள மரமோ பாறையோ குச்சிபோல் எங்கும் கிடைப்பதில்லை. எந்த மரத்தில் பல கூடுகள் தொங்குகின்றனவோ, ஆண்டுதோறும் அதே மரத்துக்குத் திரும்புவதும் அவற்றின் வழக்கம்.

தூரத்தைச் சொல்லும் வட்டார வழக்கும் இப்படித்தான். பெங்களூரில் ஆக்சல் பிராக்மன் குழுவோடு பாட்ரிக் கோல் செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு, நம் மூன்று தேனீக்களையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட்டது. குறைந்த தூரத்துக்குள் உணவு தேடும் அடுக்குத்தேனீ, அதே தூரத்தைச் சொல்ல அதிக நேரம் ஆடுகிறது. நெடுந்தூரம் போகும் மலைத்தேனீ குறைந்த நேரம் ஆடுகிறது. ஆடும் பாணிகூட வாழ்க்கையின் அளவுக்குத் தைத்த சட்டையாக இருக்கிறது.

இனி அந்தப் பிளந்த கூட்டத்துக்குத் திரும்புவோம். இரண்டு வீடும் சமமாக இருந்தால் என்ன ஆகும்? 2012-இல் சீலியும் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மார்ஷலும் இன்னும் சிலரும் இதற்கு விடை தந்தார்கள். ஒரே தரமுள்ள இரண்டு பெட்டிகளை வைத்து, ஒவ்வொரு பெட்டிக்குப் போன தேனீக்கும் தனி நிறம் பூசினார்கள். ஒரு தேனீ ஆடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று ஓடிவந்து தலையால் முட்டி, சின்னதாக ஒரு "பீப்" ஒலி எழுப்பும். முட்டப்பட்டது மெல்ல ஆட்டத்தை நிறுத்தும். முட்டியவற்றில் பெரும்பாலானவை எதிர்வீட்டு நிறத்தில் இருந்தன. இந்த முட்டல் இல்லாவிட்டால் இரு தரப்பும் சமமாகவே நின்று முடிவு உறைந்துபோகும் என்றும், இது இருப்பதால் தற்செயலாகக் கொஞ்சம் முந்திய தரப்பு விரைவில் மேலோங்கிவிடும் என்றும் கணித மாதிரி காட்டியது. இரண்டு வீடும் நல்லவை என்றால் எதையாவது ஒன்றை உடனே எடுத்துக்கொள்வதுதான் புத்தி. இரண்டும் மட்டம் என்றால் இன்னும் நல்லது வருமா என்று காத்திருப்பது புத்தி. ஒரே விதியிலிருந்து இந்த இரு நடத்தையும் வருவதை அடுத்த ஆண்டின் கணக்குகள் நிறுவின.

இயந்திரங்கள் இந்தக் கதைக்குள் நுழைவது இங்கேதான். ஹார்வர்டில் மைக்கேல் ரூபன்ஸ்டைனும் ராதிகா நாக்பாலும் 2014-இல் 1,024 சிறு ரோபோக்களை ஒரு மேசையில் விட்டார்கள். கிலோபாட் என்று பெயர். குறுக்களவு 3 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். மூன்று கம்பிக்கால்களில் நடுங்கி நடுங்கி நகரும். பக்கத்தில் இருப்பதோடு மட்டும், மேசையில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியால் பேசும். மொத்தப் படம் எந்த ரோபோவுக்கும் தெரியாது. அப்படியிருந்தும் அவை தாமாக நட்சத்திரமாகவும் ஆங்கில எழுத்தாகவும் அணிவகுத்தன. ஓர் உருவத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் போல் பிடித்தது.

2016-இல் காப்ரியேலே வாலெண்டினியும் மார்கோ டொரிகோவும் சக ஆய்வாளர்களும் இதே கிலோபாட்களில் நூறை எடுத்துத் தேனீயின் கேள்வியைக் கொடுத்தார்கள்: இரண்டு இடங்களில் எது நல்லது? ஒவ்வொன்றும் தான் பார்த்த இடத்தின் தரத்துக்கு ஏற்ற நேரம் தன் கருத்தை ஒலிபரப்பும், அப்புறம் அண்டையாரைக் கேட்கும். அண்டையாரில் பெரும்பான்மை எதுவோ அதை ஏற்றுக்கொள் என்று விதி வைத்தால் கூட்டம் சீக்கிரம் முடிவெடுத்தது, ஆனால் தவறுவது கூடியது. யாராவது ஒருவர் கருத்தைக் குருட்டாம்போக்கில் எடுத்துக்கொள் என்றால் தாமதமானது, ஆனால் சரியாக இருந்தது. பொந்துக்கும் கிளைக்கும் இடையே தேனீ இனங்கள் பங்கிட்டுக்கொண்ட அதே இழுபறி இங்கே எண்களாக நிற்கிறது. அவசரமும் பிழையின்மையும் ஒருசேரக் கிடைப்பதில்லை. எது நமக்கு வேண்டும் என்பதைச் செய்யப்போகும் வேலைதான் சொல்ல வேண்டும். இடிபாட்டுக்குள் ஆள் தேடும் ரோபோக் கூட்டமும் வயலில் களை தேடும் ரோபோக் கூட்டமும் ஒரே விதியில் ஓட முடியாது.

பட்டாசு ஊர்க்காரர்கள் இந்த இடத்தில் ட்ரோனைப் பற்றிக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். 2022 ஜனவரி 29-இல் புதுடில்லி விஜய் சவுக்கில், படைகள் பாசறை திரும்பும் விழாவில், ஐஐடி டில்லியில் உருவான பாட்லேப் டைனமிக்ஸ் நிறுவனம் 1,000 ட்ரோன்களைப் பறக்கவிட்டது. வாணவெடிக்கு மாற்று வந்துவிட்டது என்ற பேச்சு சிவகாசி வட்டாரத்தில் எத்தனை வீடுகளில் உறக்கத்தைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கவலைக்கு இந்தத் தொடர் மருந்தல்ல. ஆனால் ஓர் உண்மையைப் பதிவு செய்யலாம். அந்த ஆயிரம் ட்ரோன்களும் எதையும் முடிவு செய்யவில்லை. ஒவ்வொன்றின் பாதையும் தரையில் இருக்கும் கணினியில் முன்பே எழுதப்பட்டது. செயற்கைக்கோள் காட்டும் இடக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு அது அந்தப் பாதையில் போகிறது. பக்கத்து ட்ரோன் இறங்கிப்போனாலும் இதற்குத் தெரியாது. வானில் மயில் தோகை விரிப்பதைத் தீர்மானித்தவர் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். வாணவெடிக்கு மருந்தை அளந்து கட்டும் தொழிலாளியும் நிறத்தை முன்பே தீர்மானித்துத்தான் வானுக்கு அனுப்புகிறார். அந்த வகையில் இரண்டும் ஒரே சாதி.

ஒருவரையொருவர் பார்த்து வழியைத் தாமே வகுத்துக்கொள்ளும் ட்ரோன்கள் வேறு. புடாபெஸ்டில் தமாஸ் விச்செக், காபோர் வாஷார்ஹெய் குழு 2018-இல் அப்படி 30 ட்ரோன்களை வெட்டவெளியில் பறக்கவிட்டது. முட்டிக்கொள்ளாமல் இருப்பதும் தடையைச் சுற்றிப் போவதும் அவற்றின் சொந்தப் பொறுப்பு. ஆயிரத்துக்கும் முப்பதுக்கும் உள்ள இடைவெளியே சொல்கிறது, எது கடினம் என்று. ஒரு கருவைக் குச்சியில் சில ஆயிரம் கொம்புத்தேனீக்கள் பேட்டரியும் செயற்கைக்கோளும் இல்லாமல் தினமும் செய்துகாட்டுவதை எட்டிப்பிடிக்க மனிதர் செய்த ட்ரோன் கூட்டம் இன்னும் வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது.

லிண்டாவர் 2008 நவம்பரில், 89 வயதில் மறைந்தார். அவருடைய முறையில் அமர்ந்து பார்க்கும் வேலை நம் மூன்று தேனீக்களில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. குறிப்பாக அடுக்குத்தேனீ. மார்த்தாண்டத்துத் தேனீ வளர்ப்பவர்கள் 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் புழுச்சாக்கு நோயால் பெட்டி பெட்டியாக இழந்தார்களே, அந்தத் தேனீ. அது பெட்டியைக் கைவிட்டு ஓடும் சுபாவம் கொண்டது. தேனீ வளர்ப்பவர் நல்ல பெட்டி வைத்திருக்கிறார், தண்ணீர் வைத்திருக்கிறார், ஒரு காலையில் பார்த்தால் பெட்டி காலி. இங்கே கேள்வி இரண்டு: போவதா வேண்டாமா, போனால் எங்கே. இரண்டாவதற்கு நமக்கு விடை ஓரளவு கிடைத்திருக்கிறது. முதல் கேள்வியைப் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரத் தயாரான யாரோ ஒருவர்தான் திறக்க வேண்டும். அவர் தென் தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்த பகுதியில் பெங்களூரு, இந்திய அறிவியல் கழகம். ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் பார்த்துக்கொண்டிருந்த குளவிக் கூடு. ராணியை எடுத்துவிட்டால் உடனே ஒரேயொரு குளவி மட்டும் மூர்க்கமாகி அடுத்த ராணியாகத் தயாராகிறது. மற்றவை அதை எதிர்ப்பதில்லை. அது எந்தக் குளவி என்று முன்கூட்டிச் சொல்ல ஆய்வாளர்களால் முடியவில்லை. குளவிகளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது என்பதைக் கடக்கரும் அவருடைய மாணவி அனிந்திதா பத்ராவும் ஒரு கம்பி வலையைக் கொண்டு எப்படி நிறுவினார்கள் என்று பார்ப்போம்.